நானூறு வருஷத்துச் சத்தம்

வாலில் முக்கால்வாசி போன பிறகுதான் பூவராகவன் திரும்பிப் பார்த்தான்.

"ஐயோ பாய்! இன்னா பாய் பண்ணி வச்சிருக்கீங்க!"

ஜான் பாஷாவின் ஒரு கையில் கத்தரிக்கோல், இன்னொரு கையில் ஒரு கத்தை வெள்ளை முடி. மைனா என்ற அந்த ஜட்கா குதிரை தனக்குப் பின்னால் நடந்தது தெரியாமல் புல் தின்றுகொண்டிருந்தது.

"நாலு முடி கேட்டேன், எடுத்துக்கோன்னு நீதானே சொன்ன?"

"நாலுன்னா நாலு பாய்! இதுவா நாலு? ஈ ஓட்டக்கூட மிச்சம் வைக்கலியே! இனிமே இவ எப்டி ஓர் எடத்துல நிப்பா?"

அந்தக் கேள்விக்கு மைனாவே பதில் சொன்னது. தொடையில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. மைனா வாலை வீசியது. எட்டவில்லை. இன்னொரு முறை வீசிப் பார்த்தது. பிறகு வாலை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்து, பின்னங்காலால் ஓர் உதை விட்டது. ஜட்கா இரண்டடி நகர்ந்தது.

பூவராகவன் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் கல்லைக் கொடுத்தான். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மற்ற ஜட்காக்காரர்கள் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார்கள். பூவராகவன் மட்டும் கல் வைப்பான். அவனுடைய நைனா குதிரை மேய்க்கப் போனபோது கோட்டைப் பக்கம் கிடைத்த கல் அது. குதிரையோடு சேர்த்து மகனுக்கு அதையும் விட்டுவிட்டுப் போனார். ராசியான கல்லாம். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் குங்குமம் வைப்பான். பல வருஷத்துக் குங்குமமும் வண்டி மையும் சேறும் அப்பி, அது உருண்டையா சதுரமா என்றுகூடச் சொல்ல முடியாது.

"பாத்தீங்களா? இனிமே ஒண்ணுக்குப் போறதுன்னாக்கூட இந்தக் கல்ல வச்சிட்டுதான் போவணும் நான்," என்றான் பூவராகவன்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்துக்கோ. அதுக்கப்புறம் நீயே சந்தோசப்படுவ."

"வாலு ஞாயித்துக்கெழமக்குள்ள மொளைச்சிடுமா பாய்?"

ஜான் பாஷா முடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு நடந்தார்.

செஞ்சியில் அவருக்குச் சக்கரக்கார பாய் என்று பெயர். மாட்டு வண்டியோ ஜட்காவோ, சக்கரம் போடுவதென்றால் அவர்தான். பனமலை, தொண்டூர் வரைக்கும் அவர் போட்ட சக்கரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. முப்பது வருஷத்தில் ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் பஸ் ஸ்டாண்டில் குதிரை வாலை நறுக்கும் நிலைமைக்கு வந்ததற்குப் பேராசிரியர் ராஜாராம்தான் காரணம்.

சீனாச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. ராஜாராம் மதராசில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். ஒல்லியான உடம்பு, வெயிலிலும் கழற்றாத கோட்டு, பேசப் பேச விரிந்துகொண்டே போகும் கண்கள். ராஜகிரி மலை அடிவாரத்தில் இடிந்து கிடந்த ஒரு மண்டபத்துத் தூணில் அவர் ஒரு சிற்பத்தைக் கண்டுபிடித்திருந்தார். அதைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு மதராசில் வீணை செய்கிறவர்களிடம் போனார். அவர்கள் தாளை நேராகவும் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, வீணை வேண்டுமானால் செய்து தருகிறோம் என்றார்கள். கடைசியில் செஞ்சிக்கே திரும்பி, மரத்தை வளைக்கத் தெரிந்த ஆள் யாரென்று விசாரித்துக்கொண்டு ஜான் பாஷாவின் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"சார், நான் சக்கரம் போடறவன். பாட்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

"தூணை ஒரு தடவை வந்து பாருங்க பாய். பாத்துட்டு மாட்டேன்னு சொல்லுங்க, போயிடறேன்."

ஜான் பாஷா போனார். சின்ன வயதில் குரங்கு விரட்டிக்கொண்டு எத்தனையோ முறை அந்த மண்டபத்துக்குள் ஓடியிருக்கிறார். தூணை நின்று பார்த்தது அன்றுதான்.

தூணின் ஒரு பக்கம் பழைய பீரங்கிக் குண்டு பட்டு முழுவதும் சிதைந்திருந்தது. மிச்சமிருந்த பக்கத்தில் இரண்டு ஆட்கள். ஒருவன் கூம்பிய குல்லாவும் நீண்ட அங்கியும் முழங்கால் வரைக்கும் பூட்ஸும் போட்டவன். தாடி வேறு. அவன் இடது கையில் நீளமான காம்பு, அதன் கீழ்முனையில் உருண்டையாக ஒரு குடம். வலது கையில் மெல்லிய குச்சி. குடத்தை ஒட்டி ஒரு துண்டு பெயர்ந்து போயிருந்தது. பக்கத்தில் வேட்டி கட்டிக் கொண்டை போட்ட நம் ஊர் ஆள், இடுப்போடு அணைத்தபடி வட்டமாக ஒன்றைப் பிடித்திருந்தான்.

"இவன் கடல் தாண்டி வந்த குதிரை வியாபாரி," என்றார் பேராசிரியர். குரல் தானாகவே தணிந்தது. "செஞ்சி ராஜாக்களுக்கு அரபு நாட்டுலேருந்தும் பாரசீகத்துலேருந்தும் குதிரை வந்த காலம். குதிரையோட இந்த வாத்தியமும் வந்திருக்கு. வலது கையில இருக்கிறது வில். குடத்துக்குக் கீழே உடைஞ்சு போச்சு பாருங்க, அங்க வாத்தியத்தைத் தாங்குற பீடம் இருந்திருக்கும். பக்கத்துல நம்ம ஆள். மத்தளம் வாசிக்கிறான். ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது பாய். ஆனா சேர்ந்து வாசிச்சிருக்காங்க. இதே எடத்துல."

ஜான் பாஷா குல்லாக்காரனின் விரல்களைப் பார்த்தார். கல்லில் நகம்கூடச் செதுக்கியிருந்தார்கள்.

"அந்தச் சத்தத்தை நானூறு வருஷமா யாருமே கேக்கலை," என்றார் பேராசிரியர்.

 முப்பது வருஷமாக ஜான் பாஷா செய்த பொருள்களெல்லாம் சத்தம் போடாமல் இருந்தால்தான் நல்ல பொருள்கள். சக்கரம் சத்தம் போட்டால் அது குறை. சத்தம் போடுவதற்காகவே ஒன்றைச் செய்வது என்ற எண்ணம் அவருக்கு இதுவரை தோன்றியதே இல்லை. தோன்றிய பிறகு அது போகவும் இல்லை.

"செய்றேன் சார்," என்றார்.

"அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை மதராசிலேருந்து சங்கீதம் தெரிஞ்ச பெரியவங்க வர்றாங்க. இந்தத் தூணுக்கு முன்னால வாசிச்சுக் காட்டணும். நான் இதைச் சொன்னப்போ சிரிச்சவங்கதான் எல்லாரும்."

வாத்தியத்துக்குப் பலா மரம் வேண்டும். நன்றாகக் காய்ந்த, ஓட்டை விரிசல் இல்லாத பலா. செஞ்சியில் அப்படிப்பட்ட பலாத் துண்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஜான் பாஷா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

அவர் மனைவி கமர் ஜஹான் தன் தாய்வீட்டுத் தோட்டத்து மரத்திலிருந்து கேட்டு வாங்கி, மூன்று வருஷம் காயவைத்துப் பாதுகாத்த துண்டு. மகள் ஹபீபா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தொட்டில் செய்ய அந்த மரம். ஜான் பாஷா அதில் ஓரமாகக் கொஞ்சம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். உருண்டைக் குடம் குடைய வேண்டுமென்றால் நடுவிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது வாளை வைத்த பிறகு தெரிந்தது.

கட்டிலுக்கு அடியில் பெருக்கப் போன கமர் ஜஹான் விளக்குமாறோடு நேரே பட்டறைக்கு வந்தாள். கணவர் மடியில் இருந்த பொருளைப் பார்த்தாள்.

"இந்த அகப்பைக்கா என் மரத்த வெட்டுனீங்க?"

"அகப்பை இல்ல கமரு, இது வாத்தியம். நானூறு வருஷமா..."

"பேரப்புள்ளைய எங்க படுக்க வைப்பீங்க? இதுக்குள்ளயா?"

ஜான் பாஷா குடத்தைப் பார்த்தார். குழந்தை அதற்குள் கொள்ளாது. அந்த ஒரு விஷயத்தில் மனைவி சொல்வது சரிதான் என்று அவருக்குப் பட்டது.

அதன் பிறகு தந்தி. ஆட்டுக் குடலை உரித்து முறுக்கிக் காயவைக்க வேண்டும் என்று பேராசிரியர் சொன்னார். வீட்டில் காயப்போடக் கொடி ஒன்றுதான் இருந்தது. ஹபீபாவின் புடவைகளுக்கும் தலையணை உறைகளுக்கும் நடுவே நாலு நாள் குடல் தொங்கியது. தெருவிலிருந்த காக்கையெல்லாம் வந்தது. பூனைகள் குடும்பத்தோடு வந்தன. எந்தத் துணியை எடுத்தாலும் நாற்றம். ஏழு மாசம் வாந்தி இல்லாமல் இருந்த ஹபீபா எட்டாவது மாசத்தில் தொடங்கினாள். கமர் ஜஹான் மூன்று வேளையும் சாம்பிராணி இடித்துப் புகை போட்டாள். வீட்டுக்குள் எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை.

ஒரு வழியாகக் குடத்துக்குத் தோல் இழுத்துக் கட்டி, மூன்று தந்தி பூட்டி, மூங்கிலை வளைத்து வில்லும் செய்தாகிவிட்டது. வில்லுக்கு வேண்டிய முடியை மைனாவின் வாலைச் சீவும்போது உதிர்ந்ததிலிருந்து பூவராகவன் சேர்த்துக் கொடுத்திருந்தான். பேராசிரியர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜான் பாஷா வில்லைத் தந்தியில் வைத்து இழுத்தார்.

கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது. தெருவில் போன எருமை ஒன்று நின்று திரும்பிப் பார்த்தது.

"கவலப்படாதீங்க சார்," என்றார் ஜான் பாஷா. அந்தச் சத்தத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆயிரம் வண்டிகளில் கேட்டிருக்கிறார், ஆயிரம் தடவை சரிசெய்திருக்கிறார். பேராசிரியர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், ஆணியில் தொங்கிய மூங்கில் குழாயை எடுத்து, விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த வண்டி மையைத் தாராளமாக வில் முடியில் பூசினார். தந்தியிலும் கொஞ்சம் தடவினார்.

கிறீச் சத்தம் அடியோடு போய்விட்டது. எல்லாச் சத்தமும் போய்விட்டது. வில் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போனது, வந்தது. ஈ பறக்கும் ஓசைகூட இல்லை.

"எப்டி சார்?" என்றார் ஜான் பாஷா பெருமையோடு. "துளி சத்தம் இல்ல பாருங்க!"

பேராசிரியர் பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தந்தியைத் துடைத்துவிடலாம். முடியில் ஏறிய மை போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். வெளுப்புச் சோடாவில் ஊறவைத்தார்கள். சோடா மையை விட்டுவிட்டு முடியைத் தின்றுவிட்டது. நிகழ்ச்சிக்கு நாலே நாள். அதனால்தான் ஜான் பாஷா புதன்கிழமை காலையில் கத்தரிக்கோலும் கையுமாக மைனாவுக்குப் பின்னால் போய் நின்றார்.

பூவராகவனின் புலம்பல் அவர் மனதை அறுத்தது. செய்த தப்புக்கு ஈடாக, அன்றைக்கே உட்கார்ந்து கற்றாழை நாரைச் சீவி, வெள்ளையாக ஒரு வால் செய்து, மறுநாள் காலையில் மைனாவுக்குக் கட்டிவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் வால்தான். மைனா தூரத்திலிருந்து பார்க்கவில்லை. பின்னால் ஏதோ ஒன்று சரசரவென்று தொடர்வதாக நினைத்து, அதனிடமிருந்து தப்பிக்க ஓடத் தொடங்கியது. ஓட ஓட அதுவும் கூடவே வந்தது. பயணிகள் பங்களாவிலிருந்து பட்டறைக்கு வருவதற்காக அப்போதுதான் ஜட்காவில் ஏறியிருந்த பேராசிரியர், திண்டிவனம் ரோட்டில் மூன்று மைல் போய்த் திரும்பி வந்தார். திரும்பும்போது நடந்து வந்தார்.

அன்று மத்தியானம் கமர் ஜஹான் தீர்ப்பு சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் அந்த அகப்ப பாடுச்சின்னா சரி. பாடலன்னா ஹபீபாவக் கூட்டிக்கினு ஆரணிக்கு எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன். அங்க தொட்டில் இருக்குது. பிரசவம் அங்கதான். புள்ளய நாப்பது நாள் கழிச்சி வந்து பாத்துக்கோங்க."

"கமரு..."

"எம் மரம் தொட்டிலாவும் ஆவல, பாட்டாவும் ஆவலன்னா இன்னாத்துக்கு நான் இங்க இருக்கணும்?"

 முதல் பேரக்குழந்தையின் காதில் பாங்கு சொல்லப்போவது தான்தான் என்று ஜான் பாஷா ஆறு மாசமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்த உரிமை ஆரணி மச்சானுக்குப் போய்விடும். வாத்தியத்தை எடுத்துப் புது வில்லால் இழுத்துப் பார்த்தார். வண்டி மை இல்லை, கிறீச்சும் இல்லை. துடைத்த தந்தியில் எண்ணெய் வழவழப்பு மிச்சமிருந்தது, புது முடி பிடிக்கவே இல்லை. வெறும் காற்றுதான் வந்தது. வில்லைக் கூடத்துப் பாயில் போட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கமர் ஜஹான் சாம்பிராணி இடித்துத் தட்டில் வைத்துவிட்டு நெருப்பு எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது கால் வில்லில் இடறியது. "இதுக்கு வேற எடமே கெடைக்கலியா!" என்று எடுத்து அலமாரிப் பக்கம் வீசினாள். அது நேரே சாம்பிராணித் தட்டில் போய் விழுந்தது. தூள் பறந்து முடியெல்லாம் அப்பிக்கொண்டது. அவள் வேறு தூள் எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.

ஜான் பாஷா போய் வில்லை எடுத்தார். தட்டினார், ஊதினார். தூள் போகவில்லை. முடி பிசுபிசுவென்று இருந்தது. தேய்த்தால் போகுமோ என்று தந்தியின் மேல் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார்.

வாத்தியம் வாய் திறந்தது.

ஆழமான, கொஞ்சம் கரகரத்த, மனிதக் குரலுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்த ஒரு சத்தம் கூடத்தில் எழுந்து, சுவரைத் தொட்டு, அவர் நெஞ்செலும்புக்குள் வந்து நின்றது. ஜான் பாஷா பயந்துபோய் வில்லை எடுத்துவிட்டார். எடுத்த பிறகும் குடம் அவர் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. உயிருள்ள ஒன்றைப் பிடித்திருப்பது போல் அவருக்கு இருந்தது.

சமையலறையிலிருந்து கமர் ஜஹான் எட்டிப் பார்த்தாள். "யாருங்க வந்திருக்குறது?"

"யாரும் இல்ல."

"பேசுன மாதிரி கேட்டுச்சே?"

ஜான் பாஷா மடியிலிருந்ததைக் காட்டினார். கமர் ஜஹான் அதையும் அவரையும் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சத்தந்தானே வந்துச்சி? பாடட்டும், அப்பறம் பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மதராசுக்காரர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூத்துக்கு மிருதங்கம் வாசிக்கும் பொன்னுசாமி மத்தளக்காரனின் இடத்தில் சம்மணம் போட்டிருந்தார். வாத்தியத்தை வாசிக்க மதராசிலிருந்தே ஒரு பிடில் வித்துவான் வந்திருந்தார். கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் பூவராகவனின் ஜட்கா. அதில் கமர் ஜஹானும் ஹபீபாவும், அவர்களுக்கு நடுவே ஒரு தகரப் பெட்டியும். ஆரணி பஸ் ஐந்தரைக்கு. மைனா குட்டை வாலை வீசி வீசி ஏமாந்து, காலை உதறிக்கொண்டே இருந்தது. பூவராகவன் கல்லைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தான், பின்னால் வைத்தான். பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று அன்றைக்கு அதைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தான்.

வித்துவான் வாத்தியத்தை வாங்கிப் பிடில் மாதிரி மோவாய்க்குக் கீழே வைத்தார். வில்லை ஓங்கினார். சாம்பிராணித் தூள் அவர் மூக்குக்குள் போனது.

முதல் தும்மலில் மூக்குக்கண்ணாடி விழுந்தது. மூன்றாவது தும்மலில் வாத்தியமே விழப் பார்த்தது. ஏழாவது தும்மலோடு அவர் வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணீர் வழிய மண்டபத்தை விட்டு வெளியே போனார்.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பேராசிரியர் ராஜாராம் சிரித்தவரைப் பார்க்கவில்லை. தூணைப் பார்த்தபடி நின்றார். அவர் கை கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

"யாராச்சும் வாசிங்கப்பா," என்றார் பொன்னுசாமி.

ஜான் பாஷா ஜட்காவைத் திரும்பிப் பார்த்தார். தகரப் பெட்டி வெயிலில் பளபளத்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கல் தரையில் உட்கார்ந்து, சக்கரத்துக்கு ஆரக்கால் சீவும்போது பிடிப்பது போல வாத்தியத்தை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே நிறுத்திப் பிடித்தார். அவருக்குப் பிடிக்கத் தெரிந்த ஒரே விதம் அதுதான்.

முதல் இழுப்பில் கிறீச் என்றது. அவர் கை பழக்க தோஷத்தில் மை குழாயைத் தேடிப் போனது. நல்லவேளையாகக் குழாய் பட்டறையில் இருந்தது.

இரண்டாவது இழுப்பில் அந்தக் குரல் வந்தது.

அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. வியாழக்கிழமைதோறும் வாசலுக்கு வரும் பக்கீர், மயிலிறகு விசிறியோடு நின்று பாடும் பாட்டு. மூன்று நாளாக விரலால் தடவித் தடவி அதன் இடங்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். மெதுவாக வாசித்தார். அவருக்கு வேகமாக வாசிக்கத் தெரியாது. கல் கூரை அந்தச் சத்தத்தை வாங்கி, பெரிதாக்கி, மலைப் பக்கம் அனுப்பியது. ராஜகிரி அதைத் திருப்பி அனுப்பியது. போனதும் வந்ததும் ஒன்றாகச் சேர்ந்தபோது மண்டபத்தில் இருந்தவர்களுக்கு எது வாத்தியம், எது மலை என்று தெரியவில்லை.

பொன்னுசாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் விரல்கள் தோலில் தானாக அசைந்தன. கூத்தில் ராஜா வேஷம் திரைக்குப் பின்னாலிருந்து வரும்போது வாசிக்கிற நடை அது. பக்கீர் பாட்டு அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒன்றுக்கு ஒன்று என்றே பிறந்தவை போல இரண்டும் நடந்தன.

"இது எங்க நடை பாய்!" என்றார் பொன்னுசாமி வாசித்துக்கொண்டே. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "எங்க பாட்டன் பூட்டன் நடை! இதுக்குள்ள உங்க பாட்டு எப்டி வந்துச்சி?"

விசிறிகள் நின்றன. கூரை விளிம்பில் பேன் பார்த்துக்கொண்டிருந்த குரங்குகள் கையை நிறுத்தின. சிரித்த மனிதர் முன்னால் சாய்ந்து, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். வேப்பமரத்தடியில் மைனா இரண்டு காதையும் மண்டபத்தின் பக்கம் திருப்பி, நாலு காலும் தரையில் ஊன்றி, நாலு நாளில் முதல் முறையாக அசையாமல் நின்றது. அதன் முதுகில் ஈக்கள் இஷ்டத்துக்கு உட்கார்ந்திருந்தன.

"ம்மா," என்றாள் ஹபீபா. தாயின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். "உள்ள பாரேன். திரும்பித் திரும்பிக் கேக்குது."

பாட்டு முடிந்தும் யாரும் கை தட்டவில்லை. மலையிலிருந்து கடைசிச் சத்தம் திரும்பி வரும் வரைக்கும் காத்திருந்தார்கள். அதன் பிறகும் காத்திருந்தார்கள். ஜான் பாஷா தன் கையைப் புரட்டிப் பார்த்தார். இந்த மரத்தைத் தொட்டது இந்தக் கைதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

பேராசிரியர் ராஜாராம் தூணில் நெற்றியை வைத்து அழுதார். "நானூறு வருஷம்," என்றார். "நானூறு வருஷம் கழிச்சு இவங்க பாட்டை நாம கேட்டிருக்கோம்."

கமர் ஜஹான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பூவராகவா, பொட்டிய எறக்கு," என்றாள்.

"பஸ்ஸு வந்துடும்மா."

"வரட்டும், போவட்டும். எறக்கு."

பூவராகவன் பெட்டியை இறக்கினான். மைனா நின்ற நிலையில் சக்கரத்துக்குக் கல் தேவைப்படவில்லை. விட்டுவிட்டுப் போனால் குரங்கு உருட்டிவிடும் என்று அதைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சாட்டைக் குச்சியோடு மண்டபத்துக்குள் வந்தான்.

"குதிரக்காரன் ஒருத்தன் வாசிச்சிக்கினு நிக்கிறான்னு சொன்னாங்களே, எங்க பாய்? நம்ம தொழில்காரனாச்சே, ஒரு தபா பாத்துக்குறேன்."

ஜான் பாஷா தூணைக் காட்டினார். பூவராகவன் ரொம்ப நேரம் பார்த்தான். குல்லாக்காரனின் வலது கைக் குச்சியைப் பார்த்தான், தன் கைக் குச்சியைப் பார்த்தான். நம் ஊர் ஆள் இடுப்பில் அணைத்திருந்த வட்டப் பொருளை எட்டிப் பார்த்தான். அதன் பிறகு இடுப்பிலிருந்த கல்லை எடுத்துத் திருப்பினான். கழுவின கல்லில் இரண்டு சின்னக் காதுகள் இருந்தன. மூக்குத் துவாரம் இருந்தது. அகலமாகத் திறந்த ஒரு வாயும் இருந்தது. பூவராகவன் அதை இரண்டு கையாலும் தூக்கி, குடத்தை ஒட்டி உடைந்து போயிருந்த இடத்தில் வைத்தான். டக்கென்று பொருந்தி உட்கார்ந்தது. எறும்பு நுழைய இடமில்லை.

பேராசிரியர் நெற்றியைத் தூணிலிருந்து எடுத்தார்.

"இந்தக் குல்லாக்காரன் வாசிக்கல சாமி, அந்தக் கொண்டக்காரன் மரக்கால் படியில கொள்ளு வச்சிக்கினு நிக்கிறான், இவன் அகப்பையில மொண்டு குதிரைக்கு ஊட்டுறான்," என்ற பூவராகவன், கல்லிலிருந்து கையை எடுக்காமல் ஜான் பாஷாவின் பக்கம் திரும்பினான். "அப்போ இவ்ளோ நேரம் நாம கேட்டது இன்னா பாய்?"